மிக்ஸிங்கே கதி என்று கிடக்கும் பையனுக்கு மனையை விற்று சி.எஸ். சீட் வாங்கலாமா?

வணக்கம் சார். பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான், மார்க் சுமார், நாள் முழுக்க ஹெட்போனும் லேப்டாப்புமாக மிக்ஸிங்கிலேயே (தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் கலந்து ஒரே பாட்டாக்குகிற வேலை) இருக்கிறான், உங்கள் அண்ணன் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பேசி வைத்திருக்கிறார், அதற்காக மனையை விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனாலும் என் பதில் ஒன்றுதான், விற்காதீர்கள். மனை போவது உங்களுக்கு, பிடிக்காத வகுப்பில் நாலு வருஷம் உட்காரப்போவது அவன், கல்யாண வீடுகளில் "எங்க வீட்டுப் பிள்ளை என்ஜினியர்" என்று சொல்லிக்கொள்ளப்போவது உங்கள் அண்ணன்.

"சத்தத்தைக் கூட்டுகிற பட்டனைத் திருகிக்கொண்டே இருக்கிறான்" என்று எழுதியிருந்தீர்கள். அவன் செய்த இரண்டு பஜனை மிக்ஸையும் கேட்டேன். அது சத்தத்தைக் கூட்டுகிற வேலை இல்லை சார், பெரும்பாலும் குறைக்கிற வேலை. பாடுகிறவர் மேல் ஸ்தாயிக்குப் போனால் குரல் எகிறும், கீழே வந்தால் ஹார்மோனியத்துக்கு அடியில் போய்விடும். ஒவ்வொன்றின் சத்தத்தையும் ஏற்றி இறக்குகிற ஃபேடரை ஒரே இடத்தில் விட்டால் இரண்டில் ஒன்று கெடும். அதற்குத்தான் கம்ப்ரஸர். த்ரெஷோல்ட் என்று ஓர் எல்லையை வைத்தால், அதைத் தாண்டுகிற சத்தத்தை மட்டும் அமுக்கும். எவ்வளவு அமுக்குவது என்பது ரேஷியோ, அது 4:1 என்றால், எல்லையை 8 டெசிபல் தாண்டிய குரல் 2 டெசிபல் மட்டும் தாண்டி வெளியே வரும். அப்புறம் மொத்தத்தையும் கொஞ்சம் தூக்கினால் மெல்லப் பாடிய வரியும் காதில் விழும்.

மிருதங்கம்தான் கஷ்டம். கம்ப்ரஸர் எவ்வளவு வேகத்தில் பாய வேண்டும் என்பது அட்டாக். அதை 1 மில்லி செகண்டில் வைத்தால் விரல் தோலில் படுகிற அந்த முதல் தட்டையே விழுங்கிவிடும், 20, 30-க்குத் தள்ளினால் தட்டு தப்பிக்கும், பின்னால் வரும் நாதம் மட்டும் கட்டுக்குள் வரும். மொத்த மிக்ஸின் மேலும் ஒன்றைப் போட்டு ரிலீஸைத் (அமுக்கிய பிடியை எவ்வளவு வேகத்தில் விட வேண்டும் என்பது) தப்பாக வைத்தால், ஒவ்வொரு அடிக்கும் தம்பூரா அமுங்கி அமுங்கி மேலே வரும். அவனுடைய முதல் மிக்ஸில் இந்தக் கோளாறு இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. யாரும் சொல்லித்தராமல் காதாலேயே கண்டுபிடித்திருக்கிறான்.

கடைசியில் வருவது லிமிட்டர். எந்த உச்சமும் நாம் வைத்த அளவைத் தாண்டாமல் அடைக்கிற கதவு அது, அந்த அளவு உதாரணத்துக்கு மைனஸ் 1 டெசிபல் (டிஜிட்டலில் பூஜ்யம்தான் உச்ச வரம்பு). பாட்டு சத்தமாக இருந்தால்தான் எடுபடும் என்று பலர் இதில் போட்டு நெருக்குவார்கள், மெல்லியதும் உரத்ததும் ஒரே உயரமாகிவிடும். வீண் வேலை. ஸ்பாட்டிஃபை மாதிரி தளங்கள் வழக்கமாக மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சராசரி சத்தத்தை அளக்கிற அலகு) அளவுக்கு எல்லாப் பாட்டையும் சமப்படுத்தித்தான் ஒலிக்கவிடுகின்றன, கூட்டிய சத்தத்தை அவர்கள் குறைத்துவிடுவார்கள், நசுங்கியது நசுங்கியதுதான்.

சரி, படிப்புக்கு வருகிறேன். பி.இ., பி.சி.ஏ. பற்றியெல்லாம் உங்கள் தெருவிலேயே சொல்வார்கள். சொல்லாமல் விடுவது சென்னை தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தை. அங்கே ஒலிப்பதிவு நான்காண்டுப் பட்டப்படிப்பு, சினிமா டிப்ளமோ இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல் படித்தவர்களுக்கானது, உங்கள் பையன் படித்திருக்கிறான். அரசு நிறுவனம், கட்டணத்துக்கு மனை தேவைப்படாது. இடங்கள் ரொம்பக் குறைவு, ஆகவே இந்த வருஷத்து விவரக் குறிப்பை இப்போதே வாங்கி ஒரு வரி விடாமல் படியுங்கள். இடம் கிடைக்காவிட்டால் பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேருங்கள், கூடவே ஊரில் மைக் செட், லைவ் சவுண்ட் வேலைக்குப் போகட்டும். டிகிரி முடித்ததும் புனேயில் இருக்கும் மத்திய அரசின் திரைப்படக் கல்லூரியான எஃப்.டி.ஐ.ஐ.யின் ஒலிப் பிரிவுக்கு நுழைவுத் தேர்வு எழுதலாம். 2009-இல் ஒலிக்கலவைக்கு ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி அங்கே படித்தவர்தான். (ஆஸ்கரை அண்ணனிடம் சொல்லுங்கள், வேலைக்கு ஆகும். பையனிடம் வேண்டாம்.)

பணத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். லட்சங்களில் கட்டணம் கேட்கும் குறுகியகாலத் தனியார் கோர்ஸுக்குக் கடன் வாங்காதீர்கள், ஏனென்றால் இந்தத் தொழிலில் முதல் சில வருஷம் வருமானம் சீராக இருக்காது, ஸ்டுடியோவில் உதவியாளராக இரவு பகல் பார்க்காமல் உட்கார வேண்டியிருக்கும், அந்த நேரத்தில் மாதத் தவணை வந்து நின்றால் பையன் தொழிலையே விட்டுவிடுவான். பெரிய ஸ்பீக்கர் கேட்டாலும் இப்போதைக்குக் கிடையாது. ரீப்பர் என்கிற ஒலிப்பதிவு, மிக்ஸிங் மென்பொருளின் தனிநபர் உரிமம் 60 டாலர், அதுவும் கையில் இருக்கும் ஹெட்போனும் போதும்.

ஒரு பரீட்சை வையுங்கள். அதே பஜனையைக் கம்ப்ரஸரே இல்லாமல் ஃபேடரை மட்டும் வைத்து மிக்ஸ் பண்ணச் சொல்லுங்கள். ஃபேடரால் முடியாத இடத்தில் மட்டும் கம்ப்ரஸர் போடட்டும். பிறகு இரண்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து உங்களுக்குப் போட்டுக்காட்டட்டும், ஏனென்றால் சத்தமாக இருப்பது எப்போதுமே நன்றாக இருப்பதாகத்தான் காதுக்குத் தோன்றும். ஒரு வாரத்தில் சலித்துப்போய் விட்டுவிட்டான் என்றால் எனக்கு எழுதுங்கள், வேறு படிப்பைப் பேசலாம். விடாமல் செய்கிறான் என்றால் மனைப் பத்திரத்தை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, கோட்டா சீட் வேண்டாம் என்று அண்ணனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், பையனைச் சொல்ல வைக்காதீர்கள்.