சோப்பு வாசம் அடித்த டீ – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தை ஆறு வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. வயது 31. சென்னையில் மார்க்கெட்டிங் வேலை. ஒன்பது வருடத்தில் நான்கு கம்பெனி மாறிவிட்டேன். ஒவ்வொரு முறையும் சம்பளம் ஏறியது, பதவியின் பெயரும் நீண்டுகொண்டே போனது. இப்போது ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சீனியர் மேனேஜர் – குரோத். காலையில் விற்பனை எண்களைக் காட்டும் டாஷ்போர்டைத் திறந்தால் இரவில்தான் மூடுகிறேன். ஆனாலும் இதுதான் என் வேலை என்று ஒருநாளும் தோன்றியதில்லை. என்னுடைய காலிங், நான் பிறந்தது எந்த வேலைக்கு, என்றே தெரியவில்லை. டேவிட் ஓகில்வி நாற்பதை நெருங்கும்போதுதான் விளம்பர நிறுவனம் தொடங்கினார் என்று படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஐந்தாவதாக ஓர் இடத்தில் கூப்பிடுகிறார்கள். போகலாமா? இல்லை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு எழுத வந்துவிடலாமா? எம்பிஏ படிக்காததும் உறுத்துகிறது. வீட்டில் பெண் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்டால் அம்மா “கம்ப்யூட்டர்ல ஏதோ” என்று சொல்லிச் சமாளிக்கிறார்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதம் அதிகாலை 2.40க்கு வந்திருக்கிறது. முதலில் தூங்குங்கள். அந்த நேரத்தில் உட்கார்ந்து யோசித்தால் யாருக்கும் வாழ்க்கை வீணாகப் போய்விட்ட மாதிரிதான் தெரியும். எனக்கும் தெரியும். காலையில் காப்பி குடித்தால் பாதி சரியாகிவிடும்.

எம்பிஏ பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. பெண் பார்ப்பது பற்றி உங்கள் அம்மாவுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். வேலையை விட்டுவிட்டு எழுத வருவது? வேலையை விட்டால் எழுத்து வரும் என்று யார் சொன்னது? ஒன்றாம் தேதி பிறந்ததும் வீட்டுக்காரர்தான் வருவார். எழுதுகிறவன் வேலையில் இருந்துகொண்டே எழுதிவிடுவான். ஆபீஸ் நேரத்திலேயே எழுதுவான், நான் எழுதியிருக்கிறேன்.

பதில் எழுத உட்கார்ந்தது வேறு காரணத்துக்காக. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான்கு கம்பெனி வருகிறது, சம்பளம் வருகிறது, பதவி வருகிறது, டாஷ்போர்டு வருகிறது. நீங்கள் என்ன விற்கிறீர்கள் என்பது மட்டும் ஓரிடத்திலும் வரவில்லை. யார் வாங்குகிறார்கள் என்பதும் இல்லை. மென்பொருள் என்கிறீர்கள். சரி, அது என்ன செய்யும்? பில் போடுமா, ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்குமா, லாரி எங்கே நிற்கிறது என்று காட்டுமா? ஒன்பது வருடம் விற்ற ஒரு மனிதர் தன் வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு எழுதுகிறார். அதில் ஒரு பொருள்கூட இல்லை, வாங்கிய ஒரு ஆள்கூட இல்லை. அப்புறம் அம்மாவால் சொல்ல முடியவில்லை என்று அவர்மேல் குறை! அவருக்கு யார் சொன்னார்கள்?

ஓகில்வியை இழுத்துவிட்டீர்கள். அவரிடம் வயதைத்தானா எண்ணுவது? 1911ல் பிறந்தவர், 1948ல் நியூயார்க்கில் நிறுவனம் தொடங்கினார், 37 வயது. கணக்கு சரிதான். அதற்கு முன்னால் என்ன செய்தார்? பாரிசில் ஒரு பெரிய ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்தார். பிறகு ஸ்காட்லாந்தில் வீடுவீடாகப் போய் ஆகா (AGA) என்ற பெயர்கொண்ட சமையல் அடுப்பு விற்றார். நன்றாக விற்றதால், எப்படி விற்பது என்று மற்ற விற்பனையாளர்களுக்கு ஒரு கையேடு எழுதித் தரும்படி 1935ல் கம்பெனியே அவரைக் கேட்டது. அப்போது அவருக்கு 24 வயதுதான். அடுப்புக்கு முன்னால் வியர்வை வழிய நின்ற ஆள் அடுப்பு விற்கப் போனார். அந்த வீட்டுச் சமையற்காரியின் பிரச்சினை என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது “இன்னும் ஆறு வருடம் இருக்கிறது” என்பதை மட்டும்.

காலிங் என்ற சொல்மீதும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அது தேவாலயத்திலிருந்து வந்த சொல். இங்கே கத்தோலிக்கர்கள் இறையழைத்தல் என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பங்குத்தந்தையிடம் அது எப்படி வந்தது என்று ஒருமுறை கேட்டேன். “வந்தது ஒரு நாள்தான். அதுக்கப்புறம் குருமடத்துல பத்து வருஷத்துக்கு மேல பாத்திரம் கழுவிக்கிட்டே படிச்சோம். அதை யாரும் கேக்குறதில்ல” என்றார். சரி, இதை விடுங்கள்.

போன மாதம் பரண் ஒழித்தபோது ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் கிடைத்தது. அதிலிருந்து அதை எனக்குக் கொடுத்த ஆளின் நினைப்பாகவே இருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

1993ல் நான் டீத்தூள் விற்றேன். குன்னூர் ஏலத்தில் தூள் எடுத்து, கலந்து, பாக்கெட் போடும் ஒரு கம்பெனி. எனக்குக் கும்பகோணம் ஏரியா. பாபநாசம், அய்யம்பேட்டை, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, தெற்கே வேதாரண்யம் வரை. கும்பகோணம் என்றால் எல்லோரும் டிகிரி காப்பி என்பார்கள். வயலுக்குப் போகிறவரும் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவரும் லாரிக்காரரும் குடித்தது டீதான். கம்பெனியில் ஓட்டலில் கூட்டம் போட்டு, எப்படி விற்பது என்று ஏழு பாயின்ட் சொல்லிக்கொடுத்தார்கள். டை கட்டிக்கொண்டு அதை ஒப்பித்துவிட்டு ஊருக்கு வந்தேன்.

கம்பெனிச் சரக்கை மொத்தமாக எடுத்துக் கடைகளுக்குப் போடுகிறவர் ஸ்டாக்கிஸ்ட். அவரிடம் லைன் போகிற ஆள், அதாவது கடைகடையாகப் போய் ஆர்டர் எடுக்கிறவர், ஒருவர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். எல்லோருக்கும் அவர் டீத்தூள் அண்ணன். மார்க்கெட்டிங் என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. முதல் நாள் என்னை விடியற்காலை ஐந்தரைக்கு அய்யம்பேட்டையில் ஒரு டீக்கடைக்குக் கூட்டிப்போனார். ஆர்டர் புத்தகம் பைக்குள்ளேயே இருந்தது. நேரே பட்டறைக்குப் பின்னால் போய், மாஸ்டரிடம் ஒரு கரண்டி தூள் வாங்கி உள்ளங்கையில் கொட்டி, விரலால் பரத்தி, லேசாக ஊதினார். பிறகு பால் சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். அடுத்து குடத்துத் தண்ணீரைக் கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. டீத்தூள் விற்க வந்தவர் தண்ணீரை ஏன் குடிக்கிறார்?

பஸ்ஸில் திரும்பும்போது சொன்னார். ஒரே தூள் பாபநாசத்து ஆற்றுத் தண்ணீரில் செக்கச்செவேல் என்று இறங்கும், வேதாரண்யத்து உப்புத் தண்ணீரில் சேறாட்டம் இறங்கும். அங்கே கொண்டுபோய் நம் தூள் நல்ல தூள் என்று சொன்னால் எவன் நம்புவான்? “பால் தண்ணியா இருந்தா தூள் முன்னால நிக்கணும் தம்பி. கெட்டிப் பாலா இருந்தா தூள் அடங்கி நின்னாப் போதும். கடைக்காரர் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், கிலோவுக்கு எத்தனை டீ வரும்? நானூறுன்னு சொல்லிட்டு முந்நூத்தி அறுபது வந்தா அடுத்த வாரம் உன் மூஞ்சில முழிக்க மாட்டார்.” என் ஏழு பாயின்ட்டில் வாசனை இரண்டு முறை வந்தது. தண்ணீர் ஒருமுறைகூட வரவில்லை.

இதையெல்லாம் கேட்டு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு அப்போது 25 வயது, டார்கெட் இருந்தது.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கம்பெனி ஸ்டாக்கிஸ்டுக்கு விற்பது ப்ரைமரி. ஸ்டாக்கிஸ்ட் கடைகளுக்கு விற்பது செகண்டரி. கடையிலிருந்து ஜனங்கள் வாங்கிக் குடிப்பதைப் பற்றி எங்கள் கம்பெனியில் யாரும் பேசியதே இல்லை. என் டார்கெட் ப்ரைமரியில். சரக்கு ஸ்டாக்கிஸ்டின் குடோனில் இறங்கிவிட்டால் நான் ஜெயித்துவிட்டேன். அதை ஒருவர் கொதிக்கவைத்துக் குடித்தாரா, எலி தின்றதா என்பது யாருடைய ரிப்போர்ட்டிலும் வராது. அந்த வருடம் செப்டம்பர் குளோசிங்கில், கணக்கு முடிக்கிற கடைசி மூன்று நாள், ஸ்டாக்கிஸ்ட் கல்லா பக்கத்திலேயே உட்கார்ந்தேன். முதலாளி, அடுத்த மாசம் ஸ்கீம்ல அட்ஜஸ்ட் பண்ணிடலாம் என்று கெஞ்சி 60 பெட்டி அதிகமாக இறக்கினேன். தொழிலில் இதை டம்பிங் என்பார்கள். மண்டலத்தில் நான்தான் முதலிடம். ஒரு சூட்கேஸ் பரிசு கொடுத்தார்கள், மேடையேறி வாங்கினேன்.

அக்டோபர் கடைசியில் மழை பிடித்தது. குடோனில் இடமில்லாமல் என் 60 பெட்டியைச் சலவை சோப்பு அடுக்கோடு சேர்த்துப் போட்டிருந்தார்கள். டீத்தூளுக்கு ஒரு குணம் உண்டு. ஈரத்தையும் இழுக்கும், பக்கத்தில் இருப்பதன் வாசத்தையும் இழுக்கும். அந்தச் சரக்கு லைனில் போய் ஒரு வாரத்தில் கடைக்காரர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. “வா, எடுத்துட்டு வந்துருவோம்” என்று மட்டும் சொன்னார். அவர் சைக்கிளில் முன்னால், நான் வாடகை சைக்கிளில் பின்னால். முதல் கடையில் பாக்கெட்டைத் திரும்ப வாங்கும் முன், “மாஸ்டர், தம்பிக்கு இந்தத் தூள்லயே ஒரு டீ” என்றார். குடித்தேன். துவைத்த வேட்டியை வாயில் வைத்தது போல இருந்தது. இரண்டாவது கடையிலும் அதே. “தம்பிக்கு ஒரு டீ.” மூன்றாவது கடையில் வேண்டாம் அண்ணே என்றேன். காதில் விழாத மாதிரி காசை எடுத்து வைத்தார். அன்றைக்குப் பதினொரு கடை. ஒவ்வொரு கடையிலும் மாஸ்டர் ஆற்றி என் கையில் கொடுத்துவிட்டு, நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார். சில பேர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும், அய்யம்பேட்டைக்காரர்தான், பாதியில் கிளாஸைப் பிடுங்கிக் கீழே கொட்டிவிட்டு, “விடு, பொழச்சுப் போ” என்றார். பதினொரு டீக்கும் அண்ணன்தான் காசு கொடுத்தார். அன்று இரவு முழுக்கத் தூக்கமில்லை. பரிசு வாங்கிய சூட்கேஸ் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

அதற்குப் பிறகு வேறு என்னவெல்லாமோ விற்றேன். கொசுவர்த்தி, கொஞ்ச காலம் இன்ஷூரன்ஸ். வேலை மாற்றுவதில் பாவம் எதுவும் இல்லை. அண்ணன் ஒரே இடத்தில் இருந்தார் என்பதற்காக நீங்களும் இருக்க வேண்டியதில்லை. அவருக்கு வேறு இடம் கிடைக்கவும் இல்லை, கடைசி வரை அவர் சம்பளம் ரொம்பக் குறைச்சல். அதை நான் காவியமாக்க மாட்டேன்.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். பாட்டில் ஷாம்பூ வாங்க முடியாதவர்களுக்காகச் சின்ன பாக்கெட்டில் அடைத்து விற்றவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலைவிட்டு வெளியே வந்து, 1983ல் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். அப்பா பெயரிலிருந்து எடுத்ததுதான் அந்தப் பெயர். கிராமங்களில் பையன்களுக்குத் தலையில் தேய்த்துக் குளிப்பாட்டிக் காட்டி, சுற்றி நிற்கிறவர்களை முடியைத் தொட்டுப் பார், மோந்து பார் என்றார்கள். இது பலருக்கும் தெரியும். என்னை உலுக்கியது இன்னொன்று. எந்தக் கம்பெனியின் காலி பாக்கெட்டானாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் சும்மா என்று ஒரு திட்டம் போட்டார். பின்னால் அதைச் சிக்கின் காலி பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார். காலி பாக்கெட்! அது குடோனில் தூங்காது. யாரோ ஒருவர் கிழித்துத் தலையில் தேய்த்தால்தான் அது காலி. என் 60 பெட்டிக்கு அப்படி ஒன்றைக் கேட்டிருந்தால் ஒரு காலி உறைகூட என்னால் காட்ட முடிந்திருக்காது. உங்கள் டாஷ்போர்டில் ஆயிரக்கணக்கில் லீட், வாங்கக்கூடும் என்கிற பெயர்கள், ஓடுகிறதே, அதில் காலி பாக்கெட் எத்தனை? குவார்ட்டர் குளோசிங்கில் நீங்களும் பெட்டி இறக்குகிறீர்கள், தெரியும். கண்ணுக்குக் குடோன் தெரியாததால் சோப்பு வாசம் வருவதில்லை, அவ்வளவுதான். இதே ஆளாக நீங்கள் ஐந்தாவது கம்பெனிக்குப் போனாலும் அங்கேயும் டாஷ்போர்டுதானே திறப்பீர்கள்?

கோபமாகப் பேசிவிட்டேன். என் 25 வயதுப் பயலைத் திட்ட ஆள் கிடைக்காமல் உங்களைத் திட்டிவிட்டேன் போலிருக்கிறது. 31 ஒரு வயதே இல்லை தம்பி. கையில் தொழில் இருக்கிறது, ராத்திரி உறுத்துகிற மனசும் இருக்கிறது.

வேலை மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போய்விட்டது. சம்பளம் கூட, ஈஎம்ஐ இருக்கிறது என்றால் மாறுங்கள். அது பெரிய விஷயமில்லை. ஆனால் போவதற்கு முன் இப்போதைய கம்பெனியில் ஒரு வாரம் லீவு போட்டு, அந்த மென்பொருளை வாங்கிய ஒருவர் இடத்தில் போய் உட்காருங்கள். மதுரையோ திருப்பூரோ, எங்கே வேண்டுமானாலும். எதையும் விற்காதீர்கள். அவர் அதை எந்தக் கையால் தட்டுகிறார், எப்போது எரிச்சலாகிறார், பக்கத்தில் இன்னும் பேப்பரில் எதை எழுதிவைத்துக்கொள்கிறார் என்று பாருங்கள்.

பரணில் கிடைத்த அந்த நோட்டை, நான் வேலையை விட்டுக் கிளம்பியபோது அண்ணன்தான் கொடுத்தார். அதில் ஒரு விற்பனைக் கணக்குகூட இல்லை. “பாபநாசம் ஆஸ்பத்திரி எதிரில் – பால் தண்ணி.” “மன்னார்குடி – மாஸ்டர் மாறியாச்சு, புது ஆள் தூள் கம்மியா போடுறார்.” “திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டு – 4.15க்குத் திறப்பு, வெள்ளி லீவு.” பக்கம் பக்கமாக இப்படித்தான்.

அடுத்த கடிதத்தில் பதவியைப் போடாதீர்கள். நீங்கள் போய் உட்கார்ந்த இடம் காலையில் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று எழுதுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.