சபா வாசலும் பின் தெருவும்: கேள்வி பதில்

(கச்சேரி நடத்தும் சபாக்களை அக்கம்பக்கத்து மக்களுக்கும் திறந்துவிடுவது பற்றிய கேள்விகள். சென்னையில் சபா, நாடக அரங்க நிர்வாகத்தில் நெடுங்காலம் இருந்தவர் பதில் சொல்கிறார். கட்டட நிதி திரட்டுவது பற்றிக் கேட்காதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.)

சபா உறுப்பினர், மயிலாப்பூர்: சார், மார்கழி இசை சீசனில் மத்தியானக் கச்சேரி எல்லாம் இலவசம். வாசலில் போர்டும் உண்டு. ஆனால் பின் தெருவிலிருந்து ஒருத்தரும் வருவதில்லையே?

மத்தியானம் ஒரு மணிக்கு உங்கள் பின் தெருவில் யார் சும்மா இருக்கிறார்கள்? பூக்கட்டுகிறவரா, ஆட்டோ ஓட்டுகிறவரா, நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவரா? ரிட்டயர் ஆனவர்களுக்குத் தோதான நேரத்தை வைத்துக்கொண்டு ஊரைக் குறை சொல்லக் கூடாது. டிக்கெட் காசு ஒரு தடைதான். "யாரைப் பார்க்கணும்?" என்று வாட்ச்மேன் கேட்கிற தொனி இன்னொன்று. எந்த இடத்தில் கைதட்டுவது என்று தெரியாத கூச்சம் வேறு. இலவச போர்டு இதில் எதையும் தொடாது.

சீசன் முடிந்தால் உங்கள் ஹால் பாதி நாள் பூட்டித்தானே கிடக்கிறது? மாதத்தில் ஒரு ஞாயிறு மாலையை அந்தத் தெருவுக்கு எழுதிக் கொடுங்கள். கானாவா, பிள்ளைகள் டான்ஸா, பட்டிமன்றமா, அவர்கள் பாடு. கூப்பிடாதீர்கள், தேதியைக் கொடுங்கள். இதை இன்னும் பலமுறை சொல்வேன்.

கல்லூரி மாணவி, அடையாறு: ஊரூர் ஆல்காட் குப்பம் விழா மாதிரி எல்லா சபாவும் செய்தால் போதாதா?

2015-இல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் ஆர்வலர் நித்யானந்த் ஜெயராமன் முதலானோர் பெசன்ட் நகர் மீனவர் குப்பத்து மக்களோடு சேர்ந்து தொடங்கியது அது. கர்நாடக இசை, பரதம், பறை, கூத்து எல்லாம் ஒரே மேடையில் வந்தன. எனக்கு அதில் பிடித்தது, குப்பம் வீட்டுக்காரர், பாடப் போனவர் விருந்தாளி என்ற ஏற்பாடு. ஆனால் சபாக்கள் இதைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கின்றன. ஒருநாள் குப்பத்தில் பாடிப் படம் பிடித்துப் போட்டால் உங்கள் சொந்தக் கதவு திறந்துவிடாது.

ரசிகர், கும்பகோணம்: பறையை ஏசி ஹாலுக்குள் கொண்டுவந்தால் அதன் உயிர் போய்விடாதா? தெருவில் இருப்பதுதானே அழகு?

அதை அடிக்கிறவர் சொல்லட்டும், நீங்களும் நானும் வேண்டாம். "அது தெருவோடு இருக்கட்டும்" என்று முன்பு வேறு காரணத்துக்காகச் சொன்னவர்களை நினைத்துப் பாருங்கள்.

ஹால்காரர்களுக்கு ஒன்று. தோல் பறை என்றால் ஆட்டத்துக்கு முன் வைக்கோலோ காகிதமோ கொளுத்திக் காய்ச்ச வேண்டும். அப்போதுதான் தோல் இறுகிக் கணீரென்று பேசும். பின்கட்டில் அதற்கு ஒரு மூலை ஒதுக்குங்கள். புகை அலாரம், மேனேஜர், தண்ணீர் வாளி மூன்றையும் முந்தின நாளே பேசி முடியுங்கள். பறைக்கு முன்னால் மைக் வேண்டவே வேண்டாம், காது கிழிந்துவிடும்.

பறைக் கலைஞர், செங்கல்பட்டு: தோழர், உயிர் கிடக்கட்டும். எங்களை வாசலில் நிறுத்தி வரவேற்புக்கு அடிக்கச் சொல்றாங்க. உள்ளே மேடை வேற ஆளுக்கு. காசு கேட்டா, "இவ்வளவு பெரிய இடம் கிடைச்சிருக்கே" என்கிறாங்க.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வாசலில் பறை, மேடையில் பாட்டு என்று பிரிக்கிற சபா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. மேடையில் முழு நேரம், அழைப்பிதழில் குழுவின் பெயர், மற்றக் கலைஞர்களுக்குப் போலவே முன்பணம். பத்துப் பேர் வந்தால் பத்துப் பேருக்கும் சம்பளம், சாப்பாடு. கேன்டீனில் அதே பந்தியில்.

அதே ரசிகர், கும்பகோணம்: நல்லெண்ணத்தில்தான் கேட்டேன். எல்லாவற்றையும் உள்ளே விட்டால் சபாவின் தரம் என்ன ஆகும்?

வந்துவிட்டதா தரம்! 1943-இல் ராஜா அண்ணாமலை செட்டியார் தமிழ் இசைச் சங்கம் கண்ட காலத்திலும் எதிர்த்தவர்கள் தூக்கிப் பிடித்தது இதைத்தான். தமிழ்ப் பாட்டு துக்கடாவாக, அதாவது கச்சேரிக் கடைசியில் வரும் சின்ன உருப்படியாக இருக்கலாம், நடுநாயகமாக வந்தால் சங்கீதம் கெடும் என்றார்கள். கெட்டதா? தரத்தைக் காப்பாற்றக் கலைஞரின் சாதகப் பயிற்சி இருக்கிறது. வாட்ச்மேன் எதற்கு?

பறைக் கலைஞர், செங்கல்பட்டு: அய்யா கும்பகோணத்தாரே, ஒருநாள் எங்க ஒத்திகைக்கு வாங்க. அடிக்குச்சியைப் பிடிச்சுப் பாருங்க, அப்புறம் தரம் பேசுவோம்.

போய் வாருங்கள் சார். நிஜமாகவே சொல்கிறேன்.

கூத்து ஆர்வலர், காஞ்சிபுரம்: அரங்கத்தில் தெருக்கூத்துக்கு முக்கால் மணி நேரம் தருகிறார்கள். போதுமா?

விடிய விடிய ஆடுகிற கூத்து அது. கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் கூட்டத்தைச் சிரிக்கவைத்து முடிப்பதற்குள் முக்கால் மணி ஓடிவிடும்.

நங்கநல்லூர் வாசகர்: இலவச பாஸ் கொடுத்தால் கூட்டம் வருமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

சக்கர நாற்காலியில் வரும் ரசிகை, அண்ணா நகர்: வாசலில் மூன்று படி. "நாலு பேர் தூக்கிவிடுகிறோம்" என்கிறார்கள்.

தூக்குவது உபகாரம், உங்களுக்கு வேண்டியது உரிமை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கலை, பொழுதுபோக்குக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு கணக்கு, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். மூன்று படியும் சேர்ந்து 45 செ.மீ. உயரம் என்றால் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டுவிட்டு 'ராம்ப்' என்பார்கள், ஏமாறாதீர்கள். மேடைக்கும் சாய்தளம் கேளுங்கள். நாளை நீங்களே பாட வரலாம்.

தாம்பரம் வாசகி: பாஸை பள்ளிக்கூடங்கள் வழியாகக் கொடுத்தால்?

மறுபடியும் பாஸா! அம்மா, 2021 முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை. வருவதற்குப் பிரச்சினையில்லை, திரும்பிப் போவதுதான் பிரச்சினை. கடைசி பஸ்ஸுக்கு முன் நிகழ்ச்சியை முடிக்கச் சொல்லுங்கள். பாஸைவிட உதவும்.

கட்டடப் பொறியாளர், கோவை: 500 இருக்கை ஹாலுக்கு ஏசி எத்தனை டன்?

என் துறை இல்லை.

சபா செயலாளர், மேற்கு மாம்பலம்: உள்ளூர்க்காரர்களை வைத்து ஆலோசனைக் குழு அமைக்கிறோம். சரிதானே?

ஆலோசனை கேட்டு போண்டா கொடுத்து அனுப்பிவிடுவீர்கள். செயற்குழுவிலேயே ஓட்டுரிமையோடு இரண்டு இடம் கொடுங்கள். தேதி ஒதுக்கும் டைரி அவர்கள் கைக்கும் போக வேண்டும். கூட்டத்தை வேலைநாள் காலை பதினொரு மணிக்கு வைக்காதீர்கள். ராத்திரி எட்டுக்கு மேல் வையுங்கள், வருவார்கள்.