பள்ளிக்கூடச் சுவரில் கொத்து வேலை பழகலாமா?

கேள்வி: எங்கள் ஊரில் பத்தாம் வகுப்போடும் பன்னிரண்டாம் வகுப்போடும் படிப்பை நிறுத்திய இளைஞர்கள் பதினைந்து பேர் வேலையின்றி இருக்கிறார்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியோ பூச்சு உதிர்ந்து, தளம் ஒழுகிக் கிடக்கிறது. அதைச் செப்பனிடும் வேலையையே இவர்களுக்குக் கட்டடத் தொழில் பயிற்சியாக ஆக்க முடியுமா?
– பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர், உசிலம்பட்டி வட்டாரம்

பதில்: முடியும். ஆனால் கரண்டியைக் கையில் எடுப்பதற்கு முன் காகித வேலை இருக்கிறது. ஒன்றியப் பள்ளிக் கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருப்பதால், உங்கள் குழுவின் தீர்மானமும் தலைமையாசிரியரின் ஒப்புதலும் மட்டும் போதா. வட்டார வளர்ச்சி அலுவலரிடம் எழுத்து மூலமான அனுமதி பெறுங்கள். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர்மக்கள் திரட்ட முடிந்தால், மக்கள் பங்களிப்போடு அரசும் பணம் தரும் நமக்கு நாமே திட்டத்தில் விண்ணப்பிக்க வழி உண்டா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது ஒன்றியப் பொறியாளர் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்து, எதைப் பயிற்சியாளர்கள் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று எழுதித் தருவது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மேல்தளத்தில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறதென்றால், அது பூசி மறைக்கும் வேலையன்று. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். உள்ளிருந்து பருத்துத்தான் அது கான்கிரீட்டைத் தள்ளுகிறது. அதன்மேல் பூசினால் அந்தப் பூச்சும் ஒரு நாள் பிள்ளைகளின் தலையில் விழும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர்கள் மூவர் இறந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. இடிப்பு, தளக் கம்பி, மின் இணைப்பு ஆகிய மூன்றையும் அனுபவசாலிகளிடம் விட்டுவிட்டு, சுவர்ப் பூச்சு, மேல்தளத்தில் தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதித்தல், கழிப்பறைக்கு டைல்ஸ், குழாய் வேலை, வண்ணம் அடித்தல் ஆகியவற்றைப் பையன்களுக்குக் கொடுங்கள். பழகுவதற்கு இவையே தாராளம்.

முதல் இரண்டு வாரங்கள் பள்ளிச் சுவரை யாரும் தொட வேண்டாம். திடலின் ஓரத்தில் செம்மண் சேற்றைக் கலவையாக வைத்துச் சுவர் எழுப்பிப் பழகட்டும். மாலையில் பிரித்துக் கழுவினால் மறுநாளும் அதே செங்கல் உதவும். தூக்குக்குண்டு ஆடாமல் நிற்கும்வரை பொறுத்திருந்து பார்க்கவும், ரசமட்டத்தின் குமிழியை நம்பவும் கை அங்கேதான் பழகும்.

பூச்சு எளிய வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில், புதிதாகப் பூசிய சுவரை மூன்றாம் மாதம் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். பானையைத் தட்டியது போல் ஓசை வந்தது; பூச்சு சுவரோடு ஒட்டவில்லை என்று பொருள். பழைய பூச்சைக் கொத்தி எடுக்காமல், செங்கல் இணைப்புகளைச் சுரண்டாமல், சுவரை நனைக்காமல் அப்படியே அப்பியிருந்தார்கள். பூசிய பிறகு குறைந்தது ஏழு நாட்களாவது தண்ணீர் காட்ட வேண்டும், அதாவது காயவிடாமல் நனைத்து வைக்க வேண்டும் என்பதையும் யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. நம் பக்கத்துச் சித்திரை, வைகாசி வெயிலில் காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்கே காய்ந்துவிடும். கோடை விடுமுறையில்தான் வேலை நடக்கப்போகிறது என்பதால், தண்ணீர் காட்டுவதற்கென்றே முறை வைத்து இருவரை நியமியுங்கள்.

ஐந்து பேருக்கு ஒரு கொத்தனார் என்ற கணக்கில் மூவர் தேவை. கற்றுக்கொடுத்தால் அவருடைய வேலையின் வேகம் குறையும். அதற்கு ஈடாகக் கூலியை உயர்த்தித் தராவிட்டால், அவர் வேலையைத் தாமே முடித்துவிட்டுப் பையன்களை மணல் சலிக்க விட்டுவிடுவார். பயிற்சி பெறுபவர்களுக்கும் அரைக் கூலியாவது கொடுங்கள். சேவை என்ற பெயரில் சும்மா வேலை வாங்கினால், பத்தாவது நாள் பாதிப் பேர் திருப்பூர் பேருந்தில் இருப்பார்கள்.

கேள்வி: பதினெட்டு ஆண்டுகளாகச் சித்தாள் வேலை பார்க்கிறேன். இப்படி ஒரு பயிற்சிக்கு என் மகளை அனுப்பினால் அவளும் சாந்துச் சட்டிதான் சுமப்பாளா?
– வாசகி, மேலூர்

பதில்: அம்மா, நடத்துபவர்கள் முதல் நாளே தெளிவாகச் சொல்லாவிட்டால் அதுதான் நடக்கும். கரண்டியும் மட்டப்பலகையும் ஆணின் கையில், சட்டி பெண்ணின் தலையில் என்பது வழக்கமே தவிர, தொழிலின் தேவை அன்று. கலவை கெட்டியா, இளக்கமா என்பதைச் சட்டியில் விழும் ஓசையிலேயே உங்களைப் போன்றவர்கள் சொல்லிவிடுவீர்கள். பல கொத்தனார்களுக்கு அந்தத் தேர்ச்சி இல்லை. டைல்ஸ் பதிப்பதும் பூச்சுவேலையும் நிதானமும் கண்ணளவும் கேட்கும் வேலைகள். சுமப்பதும் கலப்பதும் எல்லோருக்கும் சுழற்சி முறையில் வரும் என்று எழுதி ஒட்டச் சொல்லி, அதைப் படித்துப் பார்த்த பிறகு மகளை அனுப்புங்கள். சிமெண்டு தோலை அரிக்கும். ரப்பர் கையுறை கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

கேள்வி: இப்படிப் பழகியவர்களுக்குச் சான்று கிடைக்குமா?
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: ஊர் கொடுக்கும் தாளுக்கு வெளியே மதிப்பில்லை. முறையாகப் படிக்க விரும்புபவர்களுக்கு மதுரை கோ.புதூரில் அரசு தொழிற்பயிற்சி நிலையம் உள்ளது. 18 வயது நிறைந்து இந்தத் தொழிலிலேயே நிலைத்தவர்கள், 60 வயதுக்குள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். என்றைக்கு யார் என்ன வேலை செய்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, வாரம் ஒரு முறை பொறியாளரிடம் கையொப்பம் வாங்கி வையுங்கள். ஒப்பந்ததாரரிடம் வேலை கேட்டுப் போகும்போது காட்ட உதவும்.