வரி ஏறும் என்கிறார்கள், இந்த அரையாண்டு வரியைக் கட்டலாமா?

கேள்வி: மதுரை விளாங்குடியில் எங்களுக்கு 1,100 சதுர அடியில் வீடு. முன் அறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். குடிநீர், பாதாளச் சாக்கடை வேலைகளுக்குப் பணம் போதாமல் மாநகராட்சி புதிய வரி போடப் போகிறது என்று தெருவெல்லாம் பேச்சு. நினைத்தவுடன் போட்டுவிட முடியுமா? முடிவு தெரியும்வரை இந்த அரையாண்டு சொத்துவரியைக் கட்டாமல் வைத்திருக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வைத்திருக்காதீர்கள். அரையாண்டு தொடங்கும் ஏப்ரல் அல்லது அக்டோபர் மாதத்திற்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். கெடு தாண்டினால் மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும். தெருப் பேச்சை நம்பி உட்கார்ந்திருந்தால் இரண்டு பக்கமும் நஷ்டம் உங்களுக்குத்தான்.

நினைத்தவுடன் போட முடியுமா என்றால், முடியாது. மாநகராட்சி அலுவலகமான அண்ணா மாளிகையில் 100 கவுன்சிலர்களும் சேர்ந்து கை தூக்கினாலும், மாநிலச் சட்டம் அனுமதிக்காத வரியை மாமன்றம் போட முடியாது. 1998-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் 2023-ல் வந்த விதிகளும்தான் எல்லை. சொத்துவரி, காலிமனை வரி, தொழில் வரி எல்லாம் ஏற்கெனவே இருப்பவை. இதில் தொழில் வரியை ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்க அரசியலமைப்பே இடம் தரவில்லை. 1988-ல் வைத்த உச்சவரம்பு, இன்னும் அப்படியே கிடக்கிறது. ஆக, பணம் தேவைப்பட்டால் மாநகராட்சி திரும்பத் திரும்பக் கறக்கும் மாடு சொத்துவரிதான். ‘புதிய வரி’ என்று காதில் விழுவது பெரும்பாலும் இதன் உயர்வாகவோ, குடிநீர், சாக்கடை, குப்பைக்கான கட்டண உயர்வாகவோ இருக்கும்.

முல்லைப் பெரியாறு குடிநீர்த் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். லோயர் கேம்ப்பில் தண்ணீர் எடுத்து, பண்ணைப்பட்டியில் சுத்திகரித்து, நாளுக்கு 12.5 கோடி லிட்டர் மதுரைக்குக் கொண்டுவரும் திட்டம். குழாய் பதிக்க மத்திய, மாநில அரசுகளின் பணம் வரும். பதித்த பிறகு வருடா வருடம் ஆகும் பராமரிப்பும் ஆள் சம்பளமும் மாநகராட்சி தலையில்தான் விழும். அதற்கு உள்ளூரில்தான் பணம் திரட்டியாக வேண்டும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வர வேண்டியது ஒழுங்காக வருகிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கட்டடங்களுக்குச் சொத்துவரியைக் குறைத்துப் பதிந்த முறைகேடு வெளியாகி, 2025 ஜூலையில் ஐந்து மண்டலத் தலைவர்களும் பதவி விலகிய ஊர் இது. அதற்கப்புறம் அளவெடுப்பு கறாராக இருக்கும் என்றே எதிர்பாருங்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். விகிதம் ஏறுவதைவிட, உங்கள் கட்டடத்தை எப்படிப் பதிந்திருக்கிறார்கள் என்பதே பையைப் பதம் பார்க்கும். 2022 உயர்வில் மதுரை போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று கூட்டினார்கள். வணிகக் கட்டடம் என்றால் அளவு எதுவானாலும் 100. உங்கள் வீட்டில் 850 அடி குடியிருப்பு, 250 அடி கடை என்று வைத்துக்கொள்வோம். உயர்வுக்கு முன் அரையாண்டுக்கு வீட்டுக்கு 800, கடைக்கு 400 ரூபாய் இருந்திருந்தால், அந்த ஒரே உயர்வில் வீடு 1,200, கடை 800. மொத்தம் 2,000. இதோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி வேறு. அது மாநகராட்சிக்குப் போவதில்லை, நூலகத்துக்குப் போகிறது. உங்கள் 1,100 அடியையும் கடை என்று யாராவது பதிந்திருந்தால் கணக்கு எங்கே போகும் என்று பாருங்கள். விளாங்குடி 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த பேரூராட்சி. பேரூராட்சிக் காலத்துப் பதிவை அதற்குப் பிறகு எடுத்தே பார்க்காத வீடுகள் உண்டு. மாடிப்படி, போர்டிகோ என்று பின்னால் கட்டியதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அதுவும் இப்போது வெளியே வரும்.

ஆட்சேபம் தெரிவிக்க வழி இரண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம். எல்லோருக்கும் பொதுவான உயர்வு என்றால், மாமன்றத் தீர்மானத்துக்குப் பின் அறிவிப்பு வரும். 2022-ல் 30 நாள் அவகாசம் கொடுத்தார்கள். அந்த நாட்களுக்குள் ஆணையருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். வெளிப்படையாகச் சொன்னால் இதில் விகிதம் பெரிதாகக் குறையாது. மத்திய மானியம் வேண்டுமானால் சொத்துவரியைக் கூட்டியாக வேண்டும் என்று 15-வது நிதி ஆணையம் நிபந்தனை வைத்தது, மாநில அரசும் அதையொட்டியே விகிதத்தை முடிவு செய்தது. கவுன்சிலரிடம் சண்டை போட்டு ஒன்றும் ஆகாது. ஆனால் வார்டு மக்கள் கூடும் பகுதி சபாக் கூட்டத்தில் ‘கூட்டிய பணத்தில் எங்கள் தெருவுக்கு என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டுப் பதிவு செய்யலாம்.

உங்கள் ரசீதில் மட்டும் தப்பு என்றால், மண்டல அலுவலகத்தில் மறு அளவீடு கேட்டு மனு கொடுங்கள். அதிலும் தீராவிட்டால் மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது. இந்த வழியில் பலன் அதிகம். ஆட்சேபம் கொடுத்துவிட்டோம் என்று வரியை நிறுத்திவைத்தால் வட்டி நிற்காது, அதை மட்டும் மறக்க வேண்டாம்.

இந்த வாரமே டேப் எடுத்து வீட்டையும் கடையையும் தனித்தனியாக அளந்து, ரசீதில் உள்ள பரப்பளவோடு ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பில் கலெக்டரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி விட்டுவிடாதீர்கள். வரிவிதிப்பு எண்ணைப் போட்டு மனு எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு கவுன்டரை விட்டு நகருங்கள்.