பறக்கிற விண்கப்பல்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

போன தடவை மாடல் ராக்கெட் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன்: கிட் வாங்கி ஒட்டுவதை விட, நாமே வரைந்த விண்கப்பலை நாமே செய்து பறக்க விடுவதில்தான் சுவாரஸ்யம் என்று. அதற்கு வந்த கேள்விகளே இந்தப் பத்திக்குப் போதும் என்றாகிவிட்டது. பெரும்பாலானவை அமெரிக்காவில் இருப்பவர்கள் கேட்டவை. கடைக்குப் போய் ஒரு ராக்கெட் மோட்டார் பாக்கெட்டை (மோட்டார் என்பது மருந்து அடைத்த குழல், ராக்கெட்டை மேலே தள்ளுவது அதுதான்) எடுத்துக்கொண்டு வர முடிகிற நாடு அது, அதனால் ஆச்சரியமில்லை.

கேள்வி (டெக்சாஸ்): என் மகனுக்குப் பத்து வயது. நோட்டில் ஒரு விண்கப்பல் வரைந்திருக்கிறான். நீளக் கழுத்து, பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின் உருளை, முன்பக்கம் அகலமான இறக்கை. கிட் விலையைப் பார்த்தால் நாமே செய்வது மலிவு என்று தோன்றுகிறது. முதலில் என்ன வாங்க வேண்டும்?

மலிவாக முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிட்டில் தேவையான அளவுக்கு ஒரு குழாய், ஒரு மூக்கு, ஒரு பாராசூட் இருக்கும். தனியாக வாங்கும்போது குழாய் கட்டாக வரும், பால்சா என்கிற லேசான மரப் பலகை முழுசாக வரும், இதோடு தபால் செலவும் சேரும். மூன்றாவது கப்பல் செய்யும்போதுதான் மீதி இருந்ததை வைத்து லாபம் தெரிய ஆரம்பிக்கும். பையனுக்கு ஆசை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் எஸ்டஸ் கம்பெனியின் இன்டர்செப்டர் மாதிரி விண்கப்பல் உருவத்திலேயே வருகிற கிட் ஒன்றை முதலில் கட்டுங்கள். அதில் மோட்டார் எப்படி உட்காருகிறது, பாராசூட் எப்படி வெளியே வருகிறது என்று கை பழகிவிடும்.

சரி, சொந்தமாகத்தான் செய்வேன் என்றால் முதலில் வாங்க வேண்டியது தராசு. ஒவ்வொரு கிராமாகக் காட்டுகிற சமையலறை டிஜிட்டல் தராசு போதும், வீட்டில் இட்லி மாவுக்கோ கேக்குக்கோ ஏற்கெனவே இருந்தால் அதுவே சரி. ஏன் என்றால் இந்தக் கப்பலின் தலையெழுத்தை முடிவு செய்வது அதன் அழகு இல்லை, எடை. எஸ்டஸ் தன் மோட்டார்களுக்குப் புறப்படும் எடை உச்சவரம்பு கொடுத்திருக்கிறது: சி6-3 என்றால் 113 கிராம், டி12-3 என்றால் 396 கிராம், மோட்டாரின் எடையும் சேர்த்து (இந்த எழுத்தும் எண்ணும் என்னவென்று அடுத்த கேள்வியில் வருகிறது). விண்கப்பலுக்கு இறக்கை, உருளை, கோபுரம் என்று ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போவோம், 113 கிராமுக்குள் நிற்கவே நிற்காது. அதனால் டி12-ஐ மனதில் வைத்துத் தொடங்குங்கள், ஆனால் 396 வரை போகாதீர்கள், 250-க்குள் நிறுத்தினால் ராக்கெட்டை நேராக ஏற்றிவிடுகிற ஏவுகம்பியை விட்டுக் கிளம்பும்போது வேகம் இருக்கும், காற்றில் சாயாது.

இரண்டாவது, நடுக்குழாய். 24 மில்லிமீட்டர் மோட்டார் உட்காரும் மவுன்ட் தயாராகவே கிடைக்கும், அதை மட்டும் காசு கொடுத்தே வாங்குங்கள். வெளிக்குழாய்க்குப் பிடி-60, அதாவது 41.6 மில்லிமீட்டர் வெளிவிட்டம் உள்ளது, சரியாக இருக்கும். இதைச் சுற்றித்தான் கப்பலைக் கட்ட வேண்டும். முதலில் உள்ளே ஒரு ஒழுங்கான ராக்கெட், அதற்கு மேல் போட்டுவிடுகிற வேஷம்தான் விண்கப்பல்.

மிச்சமெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. பக்கத்து எஞ்சின் உருளைகளுக்கு கிச்சன் டவல் சுற்றி வருகிற அட்டைக் குழாய். விமானி உட்காரும் கண்ணாடிக் கூண்டுக்கு பிளாஸ்டிக் ஸ்பூனின் குழிந்த பாகத்தை மட்டும் வெட்டிக் கவிழ்த்து ஒட்டினால் கடையில் வாங்கியது போலவே இருக்கும். உருண்டை மூக்குக்கு ஈஸ்டர் பிளாஸ்டிக் முட்டை. ஈஸ்டர் முடிந்த மறுநாள் கடைகளில் பாதி விலைக்குத் தள்ளுவார்கள், நான் ஒரு பை நிறைய வாங்கி வைத்திருக்கிறேன், வீட்டில் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

கேள்வி (நியூ ஜெர்சி): கடையில் சி6-5, சி6-3, சி6-0 என்று மூன்றும் இருந்தன, விலை ஒன்றுதான். பூஜ்யம் போட்டதை வாங்கிவிட்டேன். என்ன வித்தியாசம்?

நல்லவேளை பறக்க விடுவதற்கு முன் கேட்டீர்கள்.

எழுத்து மொத்த சக்தியைச் சொல்லும், ஒவ்வொரு எழுத்துக்கும் உச்சவரம்பு இரட்டிப்பாகும்: பி என்றால் 5 நியூட்டன்-வினாடி வரை, சி 10 வரை, டி 20 வரை. நடுவில் உள்ள எண் சராசரி உந்துவிசை, நியூட்டனில். கோட்டுக்குப் பின்னால் இருப்பது மருந்து எரிந்து முடிந்த பிறகு பாராசூட்டைத் தள்ளும் வெடி எத்தனை வினாடி கழித்து வரும் என்பது. பூஜ்யம் போட்டதில் தாமதமும் இல்லை, பாராசூட்டைத் தள்ளுகிற வெடியும் இல்லை. அது இரண்டடுக்கு ராக்கெட்டின் கீழடுக்குக்கு. அதைப் போட்டு உங்கள் கப்பலை ஏற்றினால் பாராசூட் வெளியே வராமல் போனபடியே தலைகீழாகத் தரைக்கு வரும். எஸ்டஸ் உறையில் நிறம் பார்த்து வாங்கலாம்: பச்சை ஒற்றையடுக்கு, ஊதா மேலடுக்கு, சிவப்பு கீழடுக்கு. உங்களுக்குப் பச்சை.

விண்கப்பல் வடிவம் என்றால் தாமதம் குறைவானதையே எடுங்கள். இறக்கையும் உருளையும் காற்றை இழுத்துப் பிடிப்பதால் கப்பல் சீக்கிரமே வேகம் இழந்து உச்சிக்குப் போய்த் திரும்பிவிடும், ஐந்து வினாடி காத்திருந்தால் அது பாதி தூரம் கீழே வந்திருக்கும். டி12-5, டி12-7 எல்லாம் ஒல்லியான ராக்கெட்டுக்கு. பாக்கெட்டைப் பிரிக்கவில்லை என்றால் கடையில் மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள், கடைக்குக் கடை வழக்கம் மாறும்.

கேள்வி (கலிபோர்னியா): எல்லாம் செய்து முடித்தாயிற்று, 230 கிராம். பார்க்க அருமையாக இருக்கிறது. ஆனால் நண்பர் ஒருவர் "இது நேராகப் போகாது, சுற்றும்" என்கிறார். பறக்க விடாமல் எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு மென்பொருள் வாங்க வேண்டுமா?

உங்கள் நண்பர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. தீபாவளி ராக்கெட்டில் குச்சியை ஒடித்துவிட்டுப் பற்ற வைத்தால் என்ன ஆகும் என்று சின்ன வயதில் எல்லோருமே ஒரு தடவை பார்த்திருப்போம், தரையிலேயே சுழன்று அடுத்த வீட்டுத் திண்ணைக்குள் போகும். அந்தக் குச்சி செய்கிற வேலையை இங்கே ஃபின் செய்ய வேண்டும், அதாவது வால் இறக்கை. விதி ஒன்றுதான்: கப்பலின் எடை மையம் முன்னால், காற்று தள்ளுகிற மையம் பின்னால், இரண்டுக்கும் நடுவில் குறைந்தது ஒரு குழாய் விட்டம் இடைவெளி. உங்கள் குழாய் பிடி-60 என்றால் சுமார் 4 செ.மீ.

விண்கப்பல் வரைகிறவர்கள் யாரும் இதை நினைத்து வரைவதில்லை. இறக்கை முன்னால், கனமான எஞ்சின் பின்னால் என்று எல்லாம் நேர் எதிராக இருக்கும். அதனால்தான் மூக்கில் பாரம் வைக்க வேண்டியிருக்கிறது. கணக்கு சுலபம். கப்பல் 200 கிராம், மூக்கு எடை மையத்திலிருந்து 35 செ.மீ. முன்னால் இருக்கிறது என்று வையுங்கள். மூக்குக்குள் 20 கிராம் மாடலிங் களிமண்ணை அமுக்கினால் எடை மையம் 3 செ.மீ.க்கு மேல் முன்னால் நகர்ந்துவிடும். அதே 20 கிராமைப் பின்னால் பசையாகவும் பெயின்டாகவும் அப்பியிருந்தால் கதை தலைகீழ். களிமண் காய்ந்து கழன்று குலுங்கும், மேலே கொஞ்சம் எபாக்ஸி பசை ஊற்றி மூடிவிடுங்கள்.

மென்பொருள் வாங்க வேண்டாம். ஓப்பன்ராக்கெட் இலவசம், சாதாரண உருவத்துக்கு அருமையாகக் கணக்குப் போடும். ஆனால் அதன் அடிப்படையில் இருப்பது 1960-களில் ஜேம்ஸ் பாரோமன் கொடுத்த சமன்பாடுகள், அவை ஒல்லியான, சமச்சீரான ராக்கெட்டுக்கானவை. வளைந்து நெளிந்த கப்பலை அதற்குள் திணித்துவிட்டு அது சொல்வதை அப்படியே நம்ப முடியாது. பணம் கொடுத்து வாங்குவதிலும் கோணல் கப்பலுக்கு இதே சிக்கல் உண்டு.

நான் செய்வது இரண்டு. ஒன்று, அட்டை. கப்பலின் பக்கவாட்டு நிழலை அட்டையில் வரைந்து வெட்டி, ஸ்கேல் விளிம்பில் வைத்து எங்கே சமநிலை வருகிறது என்று பார்ப்பது. இது காற்று மையத்தை உண்மையில் இருப்பதை விடக் கொஞ்சம் முன்னால் காட்டும், அதனால் தப்பு நடந்தாலும் பாதுகாப்பான பக்கம்தான் நடக்கும். இங்கே நிறையப் பேர் கோட்டை விடுவது, ஒரு நிழலோடு நிறுத்திவிடுவது. மேலிருந்து பார்க்கிற நிழலையும் வெட்டுங்கள். உங்கள் கப்பல் தட்டையாக, இறக்கை மட்டும் அகலமாக இருந்தால் மேல் நிழலில் பின்பக்கம் தாராளமாக இருக்கும், பக்க நிழலில் ஒன்றுமே இருக்காது. அது மேல்-கீழாக ஆடாது, ஆனால் இடம்-வலமாகச் சுற்றும். அப்போது நேர் நிமிர்ந்த ஃபின் வேண்டும். அழகு கெட்டுவிடும் என்றால் தெளிவான பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டுங்கள், பத்தடி தள்ளி நின்றால் கண்ணுக்கே தெரியாது. பொம்மைப் பெட்டிகளில் முன்பக்கம் வருகிற மெல்லிய பிளாஸ்டிக் வளைந்துவிடும், அதை நம்பாதீர்கள், தடிமனான தகடாக வாங்குங்கள்.

இரண்டு, நூல். இன்னும் எரிக்காத மோட்டாரை உள்ளே வைத்து (பற்ற வைக்கிற ஸ்டார்ட்டரை மாட்டாமல்), பாராசூட்டையும் மடித்து வைத்து, எடை மையத்தில் நூல் கட்டி டேப் போட்டு, இரண்டு மூன்று மீட்டர் நூலில் தலைக்கு மேல் சுற்றுங்கள். மூக்கு முன்னால் பார்த்துக்கொண்டு சுற்றினால் தேறிவிட்டது. வாலை முன்னால் நீட்டினாலோ குறுக்கே நின்றாலோ இன்னும் 5 கிராம் களிமண், மறுபடி சுற்று. என் முதல் கப்பல் நாலு தடவை சுற்றிய பிறகுதான் திரும்பியது, 35 கிராம் களிமண் தின்றது, பக்கத்து வீட்டுக்காரர் வேலி மேலாக எட்டிப் பார்த்து என்னவென்றே கேட்கவில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் முதல் தடவை ஏற்றும்போது எல்லோரையும் நன்றாகத் தள்ளி நிற்க வையுங்கள். தேசிய ராக்கெட்ரி சங்கத்தின் பாதுகாப்பு விதி டி வரைக்கும் 15 அடி என்கிறது, ஆனால் இதுவரை பறக்காத, நிலை சந்தேகமான கப்பலுக்கு முன்கூட்டி எச்சரித்து எல்லோரையும் பாதுகாப்பான தூரத்துக்கு அனுப்பவும் அதே விதி சொல்கிறது. ஏவுகம்பியும் மெல்லிய 3 மி.மீ. வேண்டாம், கனமான கப்பலுக்கு 5 மி.மீ. கம்பி வாங்குங்கள், கிளம்பும்போது துவளாது.

கேள்வி (இலினாய்): பால்சா விலை ஏறிக்கிடக்கிறது. ஃபோம் போர்டு, முப்பரிமாண பிரிண்டர், எது நல்லது?

பால்சா பெரும்பாலும் எக்வடாரிலிருந்து வருகிறது, 2020 வாக்கில் காற்றாலை இறக்கைகளுக்காக அதை அள்ளிக்கொண்டு போனதில் தட்டுப்பாடு வந்தது. பெரிய பரப்பளவு உள்ள இறக்கைக்கு டாலர் கடை ஃபோம் போர்டு நன்றாகவே உழைக்கும். ஒரே எச்சரிக்கை, சூப்பர் குளூவும் சாதாரண ஸ்ப்ரே பெயின்டும் ஃபோமைத் தின்றுவிடும், ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிச் சோதித்துவிட்டு அடியுங்கள். மோட்டார் வெப்பம் படுகிற இடத்தில் ஃபோமும் வேண்டாம், ஹாட் குளூவும் வேண்டாம். அட்டைக்கும் மரத்துக்கும் மஞ்சள் நிற மர கோந்தே போதும், காய்ந்த பிறகு பிய்த்தால் அட்டைதான் கிழியும்.

பிரிண்டர் இருந்தால் மூக்குக்கும் சின்னச் சின்ன அலங்காரத்துக்கும் மட்டும் பயன்படுத்துங்கள். பிரிண்டரில் போடுகிற பிஎல்ஏ பிளாஸ்டிக் பால்சாவை விட ஏழெட்டு மடங்கு கனம். மூக்கில் கனம் நல்லதே, வாலில் அதே கனம் விஷம். இன்னொன்று, பிஎல்ஏ 60 டிகிரி வாக்கில் இளகிவிடும். ஆன்லைனில் ஒருவரிடம் வாங்கிய ஃபின் செட்டை ஜூலையில் கார் பின்சீட்டில் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன், திரும்பி வந்தபோது வாழை இலை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. விற்றவர் "வெயிலில் வைக்காதீர்கள் என்று போட்டிருந்தேனே" என்றார். போட்டிருந்தார், கடைசி வரியில்.

கேள்வி (அரிசோனா): கராஜ் சேலில் ஒரு டப்பா நிறைய பழைய மோட்டார், பத்து டாலர். வாங்கலாமா?

வேண்டாம். கருமருந்து மோட்டாரின் உள்ளே இருப்பது இறுக்கி அமுக்கிய ஒரே கட்டி. வருஷக்கணக்கில் கராஜில் பகலில் சூடும் இரவில் குளிரும் மாறி மாறிப் பட்டால் அந்தக் கட்டியில் விரிசல் விழும், அல்லது உறையை விட்டு விலகும். பற்ற வைத்ததும் தீ விரிசல் முழுக்க ஒரே நேரத்தில் பரவி மோட்டார் வெடிக்கும். இந்த ஆட்டத்தில் இருப்பவர்கள் இதைக் கேட்டோ என்பார்கள். வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். பத்து டாலர் மிச்சம் பிடிக்கப்போய் மூன்று வார வேலை சாம்பல். வீட்டில் நல்ல அலமாரியில் இருந்தது என்று நிச்சயமாகத் தெரிந்தால் வேறு விஷயம், அப்போதும் முதலில் ஒரு மட்டமான ராக்கெட்டில் போட்டுப் பாருங்கள். நீங்களும் புது மோட்டாரைக் காரிலோ கராஜிலோ வைக்காதீர்கள், அரிசோனா என்கிறீர்களே.

கேள்வி (கோயம்புத்தூர்): அண்ணன் டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து வருகிறார். நாலு மோட்டார் பெட்டியில் போட்டுக் கொண்டு வரச் சொல்லலாமா? இல்லை, பட்டாசு மருந்தை வைத்து நாமே செய்யலாமா?

இரண்டும் வேண்டாம். மாடல் ராக்கெட் மோட்டாரை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுவரக் கூடாது, ஏற்றிவிடும் பெட்டியிலும் கூடாது. அண்ணனை ஏர்போர்ட்டில் மாட்டி விடாதீர்கள். பட்டாசைப் பிரித்து மருந்தை அடைப்பது பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன், அதைத் தொழிலாகச் செய்கிற சிவகாசியிலேயே கை போகிறது, உயிர் போகிறது.

கப்பல் பறக்க வேண்டும், அவ்வளவுதானே? தண்ணீர் ராக்கெட் செய்யுங்கள். இரண்டு லிட்டர் கோலா பாட்டில், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், பிரஷர் மீட்டர் உள்ள சைக்கிள் பம்ப், ஒரு வால்வு. சோடா பாட்டிலே எடுங்கள், சாதாரணத் தண்ணீர் பாட்டில் அழுத்தம் தாங்காது, கீறல் விழுந்த பாட்டிலும் வேண்டாம். மூக்கில் பாரம், நூலில் கட்டிச் சுற்றிப் பார்ப்பது எல்லாம் மேலே சொன்னதேதான், பாட்டிலில் தண்ணீர் இல்லாமல் சுற்றிப் பாருங்கள், ஏனென்றால் தண்ணீர் அரை வினாடிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும், மிச்சப் பயணம் முழுக்கக் காலிப் பாட்டில்தான் போகிறது. இறக்கையைப் பாட்டிலில் ஃபெவிக்விக் போட்டு ஒட்டாதீர்கள், பிளாஸ்டிக் அந்த இடத்தில் பலவீனமாகும். நல்ல அகல டேப் போதும், நனைந்தால் மாற்றிக்கொள்ளலாம்.