நீட்டில் இரண்டு முறை தவறிய மகளை என்ன படிக்க வைப்பது?

தூத்தூர் பக்கம் ஒரு கடற்கரை ஊரிலிருந்து வந்த குடும்பம். அப்பா ஆழ்கடல் விசைப்படகில் போகிறவர். மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண், ஆனால் நீட்டில் இரண்டு முறையும் இடம் கிடைக்கவில்லை. "மூணாவது தடவை எழுத வைக்கவா, இல்ல வெளிநாட்டுக்கு அனுப்பவா?" என்று அம்மா கேட்டார். அவர்களிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்வியோடு இருக்கும் வீடுகள் நிறைய.

இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதும் தேர்வு அது. இடம் கிடைக்காதது அவமானம் இல்லை. ஆறுதல் இவ்வளவுதான், இனி நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

மூன்றாவது முறை வேண்டாம். அவள் எழுதிய மாதிரித் தேர்வு மதிப்பெண்களை வரிசையாகப் பார்த்தேன். முதல் வருடம் நின்ற இடத்திலேயே இரண்டாம் வருடமும் நிற்கிறது. உயிரியல் நன்றாக வருகிறது. இயற்பியலில் தெரியாத கேள்வியையும் பயத்தில் அடித்துவிட்டு, தவறுக்கு ஒரு மதிப்பெண் என்று இழக்கிறாள். மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்திருந்தால் நானே இன்னொரு முறை எழுதச் சொல்லியிருப்பேன்.

இன்னொன்றும் உண்டு. புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளுக்கு வரி பிசகாமல் எழுதத் தெரிந்ததற்குப் பத்தாம் வகுப்பில் மேடையேற்றிப் பரிசு கொடுத்தீர்கள், அன்றைக்கே டாக்டர் என்று பெயரும் வைத்துவிட்டீர்கள். இப்போது கோயில் திருவிழாவுக்குக்கூட அவள் வருவதில்லை, "சீட் கிடைச்சுதா?" என்று யாராவது கேட்பார்களே என்று. மதிப்பெண் வந்தபோது அதை ஊர் முழுக்கக் கொண்டாடினீர்கள். வராதபோது அவள் தனியாகச் சுமக்கிறாள்.

வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். யோசனை துபாயில் இருக்கும் சித்தப்பாவுடையது. அங்கே குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நாட்டில் ஒரு வருடப் பயிற்சி. திரும்பி வந்து, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே எழுதவேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் 300க்கு 150 எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் தேறுவதில்லை. அதன் பிறகு இங்கேயும் பயிற்சி. இத்தனைக்கும் வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கச் சொல்கிறார்கள். வைக்காதீர்கள். அந்த வீட்டில் சித்தப்பா குடியிருக்கவில்லை.

நர்சிங், பார்மசி பற்றி உங்களுக்கே தெரியும், விடுகிறேன். மகளைத் தனியாக உட்கார வைத்து, படிப்பை விட்டுவிட்டு வேறு எதையாவது பேசு மக்ளே என்றேன். கத்தாளை மீனின் தலைக்குள் இருக்கும் வெள்ளைக் கல்லைச் சின்ன வயதிலிருந்தே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வைத்திருக்கிறாளாம். அந்தக் கல்லை மெல்லிசாகச் சீவி, வளையங்களை எண்ணி மீனின் வயதைக் கணிப்பார்கள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அதனால்தான் பி.எஃப்.எஸ்சி., அதாவது இளநிலை மீன்வள அறிவியல். நான்கு வருடம். தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம் நடத்துகிறது. தூத்துக்குடி கல்லூரி 1977லிருந்து இருக்கிறது, காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். நீட் கிடையாது, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை. மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. மீன் வளர்ப்பு, மீன் நோய்கள், பதப்படுத்துதல், பொறியியல், கடல் வளம் எல்லாம் கலந்து வரும். குளத்தில் இறங்க வேண்டியிருக்கும். இறால் பண்ணையில் தண்ணீரின் ஆக்சிஜன் விடியலுக்குச் சற்று முன்புதான் மிகவும் குறையும், அதனால் அந்த நேரத்தில் எழுந்து அளக்கப் பழகவேண்டும். சொகுசான படிப்பு இல்லை. ஆனால் உயிரியலில் அவளுக்கு வருவது எல்லாம் இதில் பயன்படும்.

படித்த பின்? மீன் குஞ்சுப் பொரிப்பகங்கள், தீவனக் கம்பெனிகள், ஆந்திராவின் இறால் பண்ணைகள், தூத்துக்குடி, கொச்சி ஏற்றுமதி ஆலைகளின் தரக் கட்டுப்பாடு. வங்கிகளின் வேளாண் அலுவலர் தேர்வுக்கு இந்தப் பட்டம் செல்லும். மேலே படிக்க மும்பையில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் இருக்கிறது. அரசு வேலை உடனே கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை, சொல்கிறவரை நம்பாதீர்கள்.

"கடல் வேண்டாம்னுதானே படிக்க வச்சேன்" என்றார் அப்பா. 2017 ஒக்கி புயலுக்குப் பிறகு அந்த ஊர்களில் இதை யாரும் லேசாகச் சொல்வதில்லை. உங்கள் பயம் நியாயம்தான் அண்ணே. ஆனால் அவள் வலை இழுக்கப் போகவில்லை. நீங்கள் பிடித்து வரும் மீனைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்துகொள்ளப் போகிறாள். அவளுக்கு அது பிடித்திருக்கிறது, அந்த இடத்தில் உங்கள் விருப்பமும் என் விருப்பமும் இரண்டாம்பட்சம்.

இடங்கள் குறைவு, போட்டி உண்டு. விண்ணப்பம் ஆன்லைனில் வரும், கடைசித் தேதிவரை காத்திருக்காதீர்கள். மீனவர் ஒதுக்கீட்டுக்கான சான்றிதழுக்கு மீன்வளத் துறை அலுவலகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். சித்தப்பாவிடம் நான் பேசுகிறேன், நம்பரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.