வாசகர் கேள்வி – பதில்: அம்மம்மாவின் பாட்டை எங்கே வைப்பது?

கேள்வி: நாங்கள் வாகரைப் பக்கம், வேடர் பரம்பரை. எங்கட அம்மம்மா தேன் எடுக்கப் போன கதை, கிழங்கு தோண்டின கதை, பழைய பாட்டு எல்லாம் சொல்லுவா. போனில் பதிந்து வைத்திருக்கிறேன். விக்கிப்பீடியாவில் போடு, உலகம் முழுக்கப் பார்க்கும் என்று கூடப் படிக்கிற பிள்ளைகள் சொல்கிறார்கள். போடலாமா? யாராவது எடுத்து விற்றுவிட்டால்?
– ஒரு வாசகி, வாகரை

பதில்: பதியத் தொடங்கினீர்களே, அதுவே பெரிய வேலை தங்கச்சி. நிறுத்திவிடாதீர்கள். கரையோர வேடரைப் பற்றி இதுவரை எழுதினவர்களில் அநேகம் பேர் வெளியிலிருந்து வந்தவர்கள். 1911இல் வெளிவந்த, வேடரைப் பற்றி ஆய்வு செய்த செலிக்மன் தம்பதியின் புத்தகம் இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்தக் காலத்து ஒலிப்பதிவுக் கருவியான மெழுகு உருளையில் பாட்டுகளையும் பதிந்து போனார்கள், அந்த இசையை ஆராய்ந்து மையர்ஸ் என்பவர் அதே புத்தகத்தில் எழுதினார். பாடின சனத்துக்கு அந்தப் புத்தகத்தைப் படிக்க வாய்ப்பிருந்திருக்காது. இப்போது குரலும் உங்கள் வீட்டில், கருவியும் உங்கள் கையில். அதனால் முடிவும் உங்கள் வீட்டில்தான் எடுக்கப்பட வேண்டும்.

விக்கிப்பீடியா விசயத்துக்கு வருவோம். அங்கே ஏற்கெனவே வெளியான ஆதாரம் இருந்தால்தான் ஒன்றை எழுதலாம், அம்மம்மா சொன்னா என்பது அங்கே ஆதாரமாக நிற்காது. இது வாய்மொழியில் வாழ்கிற சமூகங்களுக்கு அநியாயம் என்று நான் நினைக்கிறேன், அப்படி நினைத்தவர்கள் வேறும் இருக்கிறார்கள்: 2011இல் அச்சல் பிரபலா என்பவர் மலையாளம், ஹிந்தி, தென்னாபிரிக்காவின் செப்பேடி மொழி பேசுகிறவர்களிடம் ஒலிப்பதிவு எடுத்து, அதையே மேற்கோளாகக் காட்டிக் கட்டுரை எழுதலாமா என்று செய்து பார்த்தார். ஆனாலும் பொது விதி மாறவில்லை. ஆகவே முதலில் பதிவு போக வேண்டிய இடம் ஓர் ஆவணக் காப்பகம். இலங்கைத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்து வைக்க 2005இல் தொடங்கின நூலகம் திட்டத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும், அவர்களே ஆவணகம் என்று ஒலி, ஒளி, படங்களுக்குத் தனியாக ஒரு தளம் வைத்திருக்கிறார்கள். அங்கே கேட்டுப் பாருங்கள். அதைக் கேட்டு நாளைக்கு ஒருவர் ஆய்வு எழுதினால் விக்கிக்கும் ஆதாரம் தானாக வந்துவிடும்.

விற்பார்களா என்று கேட்டீர்கள். விக்கிப்பீடியாவுக்கான படங்களும் ஒலியும் சேருகிற இடம் விக்கிமீடியா பொதுவகம். அங்கே ஒரு கோப்பை ஏற்றினால், வியாபாரத்துக்குப் பயன்படுத்தவும் அனுமதி கொடுத்ததாகத்தான் அர்த்தம், ‘வியாபாரத்துக்கு இல்லை’ என்கிற உரிமத்தை அங்கே எடுக்கமாட்டார்கள். அங்கே வழக்கமாகக் கொடுக்கிற, மற்றவர்களும் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை ஒருமுறை கொடுத்தால் திரும்பப் பெறவும் முடியாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் பாட்டு, கதை போன்ற வெளிப்பாடுகளுக்குப் பாதுகாப்புத் தருகிறது, உண்மைதான், ஆனால் எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் உங்கள் அம்மம்மாவின் பாட்டுக்குத் தாளம் போட்டு விற்றால், வாகரையிலிருந்து யார் போய் வழக்காடுவது?

அதனால் ஒன்று செய்யுங்கள். போனை அவவின் கையில் கொடுத்து, பதிந்ததை முழுக்கக் கேட்க வையுங்கள். இடையில் நிறுத்தி, “இதைக் கனடாவில் இருக்கிறவனும் கேட்பான், நீங்கள் இல்லாத காலத்திலும் கேட்பார்கள், பிறகு அழி என்றாலும் அழிக்க ஏலாது, சரியா?” என்று நேராகக் கேளுங்கள். அந்தக் கேள்வியும் அவ சொல்கிற பதிலும் சேர்ந்தே பதிவாகட்டும். தேன் எடுத்த கதை அவவின் சொந்த வாழ்க்கை, அதற்கு அவவின் சம்மதம் போதும். பாட்டு அப்படியில்லை, அது ஊருக்குப் பொது. ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரிடம் கேட்காமல் பாட்டை ஏற்றவேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊரில் குமார தெய்வத்துக்குச் சடங்கு நடக்கும்போது வருகிறவர்கள் எல்லாம் போனைத் தூக்கிப் பிடித்து நேரலை போடுகிறார்கள். அரைகுறையாகப் போவதைவிட நாங்களே நல்ல கமராவில் முழுதாக எடுத்து, எல்லாரும் பார்க்கத் திறந்து வைத்தால் என்ன?
– ஓர் இளைஞர், களுவன்கேணி

பதில்: எடுங்கள் தம்பி. ஆனால் முழுதையும் திறந்து வைக்க வேண்டாம் என்றுதான் சொல்லுவேன். காப்பதும் காட்டுவதும் இரண்டு வேலை. அவுஸ்திரேலியாவில் தெனன்ட் கிறீக் பக்கத்து வறுமுங்கு மக்களுக்காகத் தொடங்கின ‘முக்குறுட்டு’ என்றொரு மென்பொருள் இருக்கிறது. இலவசம், திறந்த மூலம், அதாவது யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். அதில் எந்தப் படத்தை யார் பார்க்கலாம் என்று அந்தச் சமூகமே பிரித்து வைக்கலாம்: இது ஆண்களுக்கு, இது பெண்களுக்கு, இது குடும்பத்துக்கு மட்டும், இது எல்லாருக்கும் என்று. உள்ளே என்ன இருக்கிறது, யாருக்குத் திறக்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்த மக்கள்தான்.

இது யாரோ இரக்கப்பட்டுக் கொடுக்கிற சலுகையும் இல்லை. 2007இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றின பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தின் 31ஆம் உறுப்புரை, தங்கள் பண்பாட்டு மரபையும் வாய்மொழி மரபையும் பேணவும் கட்டுப்படுத்தவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்கிறது. இலங்கையும் அதற்கு ஆதரவாக வாக்களித்த நாடு. சடங்கு நடத்துகிறவரைக் கேளுங்கள், உரு ஆடுகிறவரையும் கேளுங்கள், ஏனென்றால் தெய்வம் வந்து நிற்கிற தன் முகத்தை ஊரெல்லாம் பார்ப்பதை விரும்பாத மனிதராக அவர் இருக்கலாம். நேரலை போடுகிறவர்களுக்குச் சடங்கு தொடங்க முன்னமே ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் தகப்பன் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார். அவருடைய வடமோடிக் கூத்துக் கொப்பிகள் என்னிடம் இருக்கின்றன, ஓரமெல்லாம் கறையான் தின்றுவிட்டது. ஸ்கேன் பண்ணிப் போட்டால் போதுமா?
– ஒரு வாசகர், களுதாவளை

பதில்: ஸ்கேன் இன்றைக்கே பண்ணுங்கள் ஐயா, ஆனால் அது பாதிதான். கொப்பியைத் திறந்து பாருங்கள்: பாத்திரம் களரிக்கு வரும்போது பாடுகிற வரவு விருத்தம் இருக்கும், தரு என்கிற பாட்டு இருக்கும், மேலே ஒரு வரியில் தாளக்கட்டு ‘தகதிகதாம்’ என்று தொடங்கிப் பாதியில் நிற்கும். மிச்சம் அண்ணாவியாரின் வாயிலும் மத்தளத்திலும் இருந்தது. உங்கள் தகப்பனிடம் ஆடிப் பழகினவர்களில் இருக்கிறவர்களைக் கூட்டி உட்கார வைத்து, பக்கம் பக்கமாகப் பாட வைத்துப் பதியுங்கள். எந்த ஊர்க் களரி, எந்த வேசம் கட்டினவர், யாரிடம் பழகினவர் என்பதைப் பதிவின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லவிடுங்கள், பின்னால் பெயரும் ஊரும் தெரியாத கோப்பாகக் கிடந்து யாருக்கும் உதவாமல் போகாது. அப்புறம், வட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கின வீடியோவை மூலப் பிரதியாக வைக்காதீர்கள், அது தரத்தைக் குறைத்துத்தான் அனுப்பும். போனிலிருந்து வயர் போட்டு எடுத்து இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள்.

கேள்வி: அளிக்கம்பையில் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள், பள்ளிக்கூடத்தில் தமிழ். பிள்ளைகளை வைத்து அந்தப் பேச்சுக்கு ஏதாவது செய்யலாமா?
– ஓர் ஆசிரியை, அக்கரைப்பற்று

பதில்: தாராளமாக. மட்டக்களப்புப் பறங்கியரின் போர்த்துக்கீசப் பேச்சு ஒலி, ஒளிப்பதிவாகி அழிந்துவரும் மொழிகளுக்கான காப்பகம் ஒன்றில் இருக்கிறது, அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் சொற்களிலிருந்து தொடங்கலாம். லிங்குவா லிப்ரே என்ற தளத்தில் ஒரு சொல் திரையில் வரும், சொன்னதும் பதிந்துகொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அதுவும் பொதுவகத்துக்குத்தான் போகிறது, மேலே சொன்ன உரிமம்தான், ஆகவே தாய் தகப்பனிடம் கேட்டுவிட்டு, பெரியவர்களின் குரலில் பதியுங்கள். கேள்வி கேட்கிறதும் எழுதி வைக்கிறதும் பிள்ளைகளின் வேலையாக இருக்கட்டும். ஊர்ப் பெயரை மறக்காமல் போடுங்கள், ஆந்திரத் தெலுங்கோடு சேர்த்து யாரும் ‘பிழை’ என்று திருத்திவிடக் கூடாது.